இழுத்துப் பார்க்கக் கூடாத தையல்

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. வண்டிக்கு சீட் கவர் மாட்டி முடித்ததும் சாவியை உடனே கொடுத்துவிட மாட்டோம். ஒவ்வொரு தையலையும் இரண்டு கட்டைவிரலாலும் பிடித்து, பிரிவதென்றால் இப்போதே பிரிந்து தொலை என்று இழுத்துப் பார்ப்பேன். அப்புறம் ஒவ்வொரு சீட்டிலும் தொப்பென்று மூன்று தடவை உட்கார்ந்து எழுந்திருப்பேன். பன்னிரண்டு சீட் வேன் என்றால் முப்பத்தாறு தடவை. வண்டிக்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். தையல் பிரிந்துவிட்டது என்று திரும்பி வந்தவர் இதுவரை ஒருவர் இல்லை.

கடை என்றால் நானும் அண்ணனும் மட்டும்தான். அளவெடுப்பது, ரெக்சின் வெட்டுவது, வருகிறவர்களிடம் வாய் கொடுப்பது எல்லாம் அண்ணன். தைப்பதும் வண்டிக்குள் ஏறி மாட்டுவதும் நான். அண்ணனுக்குத் தொப்பை, வேனின் கடைசி வரிசைக்கும் அதற்கும் ஏழாம் பொருத்தம். நான் ஒடிசல். சீட்டுக்கு அடியில் புகுந்து, மண்டி போட்டு, கவரின் விளிம்பை இழுத்துக் கொக்கியில் மாட்டும்போது எனக்கு வருகிற நிம்மதி வேறு எங்கே போனாலும் வராது. எனக்கு நாற்பத்து மூன்று வயது. அண்ணன் இன்னும் “பாப்பா” என்றுதான் கூப்பிடுவார்.

அப்படிக் கூப்பிட்டதுதான் வினையாகப் போயிற்று.

பள்ளிக்கூட வேன் ஒன்று. கடைசி வரிசையில் மண்டி போட்டிருந்தேன். வலது பாதம் சீட்டின் இரும்புச் சட்டத்துக்கு அடியில் செருகி இருந்தது. வெளியே இருந்து அண்ணன், “பாப்பா, கத்திரிக்கோல் எங்க வச்ச?” என்றார். ஒரு நாளைக்கு நாலு தடவை கேட்கிற கேள்வி. “உங்க சட்டைப் பையில பாருங்க” என்று கடுகடுப்பாகச் சொல்லத் திரும்பினேன். உடம்பு திரும்பியது, பாதம் திரும்பவில்லை. முட்டிக்குள் டப்பென்று ஒரு சத்தம். கால் பாதி மடங்கினபடியே நின்றுவிட்டது. நீட்டவும் முடியவில்லை, மடக்கவும் முடியவில்லை. அண்ணனும் வண்டிக்காரரும் என்னைச் சோபாவைத் தூக்குகிற மாதிரி பக்கவாட்டில் தூக்கி வெளியே எடுத்தார்கள். கத்திரிக்கோல் அண்ணன் சட்டைப் பையில்தான் இருந்தது.

ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் ஜவ்வு கிழிந்திருந்தது. டாக்டர் அதிர்ந்து பேசாத மனிதர். மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினார். தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவில் பிறை மாதிரி ஒரு ஜவ்வு. அதுதான் மெத்தை. உட்பக்கத்து மெத்தை நீளவாக்கில் கிழிந்து, கிழிந்த துண்டு உள்ளே புரண்டு மாட்டிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் கால் நீளவில்லை.

“ரெண்டு வழி இருக்கும்மா” என்றார். “கிழிஞ்ச துண்டை வெட்டி எடுத்துடலாம். நாலஞ்சு வாரத்துல வேலைக்குப் போயிடுவீங்க. ஆனா அந்த அளவுக்கு மெத்தை குறைஞ்சு போச்சு. இன்னும் பத்துப் பதினஞ்சு வருஷத்துல முட்டி தேய ஆரம்பிக்கும். இல்லைன்னா, உள்ளயே வச்சுத் தைக்கலாம்.”

“தைக்கலாமா?” என்றேன். எனக்கு முட்டி வலியே ஒரு நிமிஷம் மறந்துவிட்டது.

“தைக்கலாம். ஆறு வாரம் கட்டை ஊன்றி நடக்கணும். நாலு மாசத்துக்குக் குந்தக் கூடாது. மண்டி போடுற வேலைக்கு அஞ்சு மாசம் ஆகும். அப்படியும் நாலஞ்சு பேர்ல ஒருத்தருக்கு ஒட்டாமப் போகுது. அதையும் சொல்லிடணும்.”

அண்ணன் குறுக்கே வந்தார். “வெட்டிடுங்க டாக்டர். லீவு வருது. பள்ளிக்கூட வண்டி எல்லாம் இப்பத்தான் கடைக்கு வரும். அஞ்சு மாசம்னா எப்படி?”

“அண்ணே, முட்டி யாருது?” என்றேன்.

“உன்னோடதுதான். நான் இல்லைன்னா சொன்னேன்?”

“அப்ப நான் சொல்றேன். ஃபோமை வெட்டிப் போட்டுட்டு மேல கவரை மட்டும் மாட்டுன்னு ஒரு வண்டிக்காரர் கேட்டா நீங்க மாட்டுவீங்களா? தையுங்க டாக்டர்.”

ஒரு மெத்தையைத் தைக்க முடியும் என்கிறபோது வெட்டிப் போடச் சொல்வதற்கு எனக்கு மனசு வரவில்லை. அதோடு இன்னொன்றும் இருந்தது, அதை அங்கே சொல்லவில்லை. பத்து வருஷம் கழித்து முட்டி தேய்ந்தால் என்னைக் கல்லாப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார வைத்துவிடுவார்கள். போன் எடுத்து, “அண்ணன் வெளிய போயிருக்காரு, அப்புறம் கூப்பிடுங்க” என்று சொல்லிக்கொண்டிருக்க என்னால் ஆகாது. எனக்கு வண்டிக்குள் போக வேண்டும். அறுபது வயது வரைக்கும் சீட்டுக்கு அடியில் மண்டி போட வேண்டும். எனக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான்.

டாக்டர் எப்படித் தைப்பார் என்று விலாவாரியாகக் கேட்டேன். அவருக்கும் சந்தோஷமாகப் போயிற்று. யாரும் இதையெல்லாம் கேட்பதில்லையாம். ஜவ்வின் வெளி ஓரத்துக்கு மட்டும்தான் ரத்தம் வருமாம், உள்பக்கத்துக்கு வராதாம். என் கிழிசல் ஓரத்தில் இருப்பதால்தான் தைக்கலாம் என்கிறார். அதுவும் போதாதென்று, கிழிந்த இரண்டு விளிம்பையும் சின்ன அரத்தால் சொரசொரப்பாக்குவார். பக்கத்து எலும்பில் பொடித் துளைகள் போட்டு, உள்ளே இருக்கிற மஜ்ஜையிலிருந்து ரத்தத்தைக் கசிய விடுவார். அந்த ரத்தம் தைத்த இடத்தில் உறைந்து நின்றால் கிழிசல் சீக்கிரம் ஒட்டும்.

நாங்களும் பசை தடவுவதற்கு முன்னால் ரெக்சினை உப்புத்தாளால் தேய்த்துக்கொள்வோம். வழவழப்பான இடத்தில் பசை நிற்காது. அதைச் சொன்னதும் டாக்டர், “அதேதான்” என்றார். அண்ணன் மட்டும் என்னைப் பைத்தியக்காரியைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலு தையல் போட்டார்கள். தொடையிலிருந்து கணுக்கால் வரை இரும்புப் பட்டை வைத்த பிரேஸ் ஒன்றை மாட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். என் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். நாளெல்லாம் ஜனங்களை “உள்ள போங்க, உள்ள போங்க” என்று சொல்லிப் பழகியவர், நான் கட்டையோடு கட்டிலை விட்டு இறங்கினாலே “உள்ள போ, உள்ள போ” என்றார். காலையில் முட்டையும் பாலும் என் பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் டியூட்டிக்குப் போவார். சதை வளரப் புரதம் வேண்டும் என்று டாக்டர் சொன்னதை அவர் அப்படியே பிடித்துக்கொண்டார். முட்டையைப் பார்த்தாலே எனக்குக் கொட்டாவி வர ஆரம்பித்தது.

வாரம் இரண்டு நாள் பிசியோ. அண்ணன்தான் வண்டியில் கூட்டிப் போவார். பிசியோ பார்க்கிற பெண்ணுக்கு இருபத்தெட்டு வயது இருக்கும். சிரித்த முகம், ஆனால் கறார். குதிகாலைத் தேய்த்துத் தேய்த்து மடக்கச் சொல்வாள், தொண்ணூறு டிகிரியைத் தாண்டவிட மாட்டாள். தொடைச் சதையை இறுக்கி பத்து எண்ணச் சொல்வாள். நான் வேகமாக எண்ணினால், “அக்கா, பஸ் பிடிக்கவா போறீங்க? மெதுவா” என்பாள். ஒவ்வொரு தடவையும் ஒரு டேப்பை எடுத்து முட்டியைச் சுற்றி அளப்பாள். அந்த டேப் எங்கள் கடையில் இருக்கிற அதே ரகம். அதனாலேயே அவளை எனக்குப் பிடித்துப் போனது.

பிசியோ முடிந்ததும் போகிற வழியில் பத்து நிமிஷம் கடையில் நிறுத்தச் சொல்வேன். பார்க்கப் பொறுக்காது. அண்ணன் வேனுக்குள் பாதி போய், தொப்பை சீட்டில் முட்டி, வெளியே இரண்டு கால்கள் மட்டும் தெரிய, உள்ளே இருந்து முனகிக்கொண்டிருப்பார். முன்பு நான் ஒரு நாளில் முடிக்கிற வண்டி அவருக்கு மூன்று நாள் ஆனது. லீவு நேரத்து வண்டிகளில் பாதியை வேறு கடைக்கு அனுப்பிவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை குறையாகச் சொன்னதில்லை. “வெட்டியிருந்தா இந்நேரம்” என்று ஒரு தடவையாவது சொல்லியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை கொடுத்துவிட்டு ஆறியிருப்பேன். சொல்லாததுதான் என்னை அரித்தது. நாற்பது வருஷத்தில் எங்கள் சண்டை எதுவும் இவ்வளவு அமைதியாக நடந்ததில்லை.

ஐந்தாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். வீட்டில் யாரும் இல்லை. பயிற்சிக்காகப் பிரேஸைக் கழற்றி வைத்திருந்தேன். வலி சுத்தமாக இல்லை. வீக்கமும் இல்லை. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.

எனக்குள் ஒரு கணக்கு ஓடியது. இன்னும் மூன்று மாசம் காத்திருந்து, அதற்கப்புறம் குந்திப் பார்த்துத்தான் தையல் நிற்கிறதா இல்லையா என்று தெரிய வேண்டுமா? நிற்கவில்லை என்றால் அத்தனை நாளும் தண்டம், அண்ணன் பட்ட பாடும் தண்டம். எங்கள் தொழிலில் இப்படி ஒரு அநியாயம் கிடையாது. தையல் போட்டவள் அங்கேயே இழுத்துப் பார்த்துத் தெரிந்துகொள்வாள். யாரோ தைத்ததை, யாருமே இழுத்துப் பார்க்காததை, நான் எப்படி நம்பிக் காலுக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது?

மேடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குந்தினேன். போனது. எழுந்தேன். ஒன்றும் இல்லை. எனக்குச் சிரிப்புகூட வந்தது. இரண்டாவது தடவை இன்னும் கொஞ்சம் கீழே. ஒன்றும் இல்லை. அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் மூன்று தடவை என்பது கை கால் எல்லாம் ஊறின பழக்கம். இரண்டோடு நிறுத்த எனக்குத் தெரியாது. மூன்றாவது தடவை பின்பக்கம் குதிகாலில் படுகிற வரைக்கும் போனேன். முட்டியின் உட்பக்கம் சுருக்கென்றது. நெருப்புக்குச்சி கிழித்த மாதிரி.

எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை. கட்டிலில் போய் உட்கார்ந்து, பிரேஸை எடுத்து மாட்டினேன். மாட்டிவிட்டு வாய்விட்டு அழுதேன். வலியில் இல்லை. வலி கொஞ்சம்தான். என் கையால் என் தையலைப் பிரித்துவிட்டேனே என்றுதான்.

சாயங்காலம் முட்டி வீங்கிவிட்டது. வீட்டுக்காரர் கேட்டதற்கு, “ரொம்ப நேரம் தொங்கப் போட்டு உட்கார்ந்துட்டேன்” என்று புளுகினேன். அவர் ஐஸ் வைத்தார். மறுநாள் இரண்டு முட்டைக்குப் பதில் மூன்று முட்டை வைத்துவிட்டுப் போனார். அது இன்னும் கொடுமையாக இருந்தது.

வியாழக்கிழமை பிசியோ. அந்தப் பெண் டேப்பைச் சுற்றினாள். எண்ணைப் பார்த்தாள். திரும்ப ஒரு தடவை சுற்றினாள்.

“அக்கா, என்ன பண்ணீங்க?”

“ஒண்ணும் பண்ணல.”

“போன தடவையை விட ரெண்டு சென்டிமீட்டர் கூட இருக்கு. டேப் பொய் சொல்லாதுன்னு நீங்கதானே அன்னைக்குச் சொன்னீங்க?”

சொன்னேன்தான். எனக்கு என் வாய்தான் எதிரி. குரலைத் தாழ்த்தி நடந்ததைச் சொன்னேன். மூன்று தடவை உட்கார்கிற எங்கள் கடை வழக்கத்தையும் சேர்த்துச் சொன்னேன், இல்லாவிட்டால் சுத்தப் பைத்தியம் என்று நினைத்துவிடுவாளே என்று. சொல்லி முடித்தபோது அதுவும் பைத்தியக்காரத்தனமாகத்தான் பட்டது. அவள் திட்டவில்லை. முட்டியின் உட்பக்க ஓரத்தில் விரலை வைத்து மெல்ல அழுத்தினாள். ஒரு இடத்தில் நான் பல்லைக் கடித்ததைப் பார்த்துக்கொண்டாள்.

“நாளைக்கே டாக்டரைப் பாருங்க. நான் போன் பண்ணிச் சொல்லிடறேன்.”

“வெளிய அண்ணன் இருக்காரு. அவருகிட்ட சொல்லாதம்மா.”

“நான் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லிடுங்க அக்கா. அதுதான் நல்லது.”

வண்டியில் வரும்போது சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். அண்ணன் ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த கையைப் பார்த்தேன். விரல் கணுவெல்லாம் கொக்கி கீறிய காயம். இத்தனை வருஷமாக அந்தக் காயம் என் கையில் இருந்தது. எனக்கு வாய் வரவில்லை. “நாளைக்கு டாக்டர் வரச் சொல்லிருக்காரு, சும்மா பார்க்கிறதுக்கு” என்றேன். சரி என்றார்.

மறுநாள் டாக்டர் அறைக்குள் அண்ணனும் கூடவே வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். டாக்டர் என்னைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். பிசியோ பெண் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள் என்று தெரிந்தது. ஆனால் அவர் வாயைத் திறக்கவில்லை. சொல்ல வேண்டியவள் நான் என்று காத்திருந்தார்.

சொன்னேன். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். ஒரு தடவை, இரண்டாவது தடவை, மூன்றாவது தடவை. முடித்துவிட்டு, “மன்னிச்சிருண்ணே” என்றேன். அண்ணனிடம் நான் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

டாக்டர்தான் பேசினார்.

“ஏம்மா குந்திப் பார்த்தீங்க?”

“தையல் நிக்குதான்னு தெரியணும்ல டாக்டர். இழுத்துப் பார்க்காத தையலை எப்படி நம்புறது?”

“இழுத்துப் பார்க்கலைன்னு யார் சொன்னா?”

கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார். என் முட்டிக்குள் கேமரா எடுத்த படம் ஓடியது. வெள்ளை வெளேரென்று ஒரு ஜவ்வு, அதில் நீல நூலில் நாலு தையல். சீரான இடைவெளி. நானே குறை சொல்ல முடியாது. அப்புறம் ஒரு மெல்லிய கொக்கி உள்ளே வந்தது. முதல் தையல் பக்கத்தில் ஜவ்வைப் பிடித்து இழுத்தது. அசையவில்லை. இரண்டாவது. மூன்றாவது. நாலாவது தையலில் இரண்டு தடவை இழுத்தது.

“ஒவ்வொரு ஆபரேஷன்லயும் தைச்சு முடிச்சதும் இப்படி இழுத்துப் பார்ப்பேன். பார்க்காம வெளிய வர மாட்டேன். இதை உங்க அண்ணனுக்கு அன்னைக்கே காட்டினேனே.”

நான் அண்ணன் பக்கம் திரும்பினேன். அவர் சுவரில் மாட்டியிருந்த எலும்புப் படத்தை மும்முரமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

“ஆபரேஷன் முடிஞ்சு நான் வெளிய வந்ததும் எல்லாரும் கேக்கறது, எப்படி இருக்காங்க, எப்ப வீட்டுக்குப் போகலாம்னுதான்” என்றார் டாக்டர். “இவர் கேட்ட முதல் கேள்வி, ‘இழுத்துப் பார்த்தீங்களா டாக்டர்?’ எனக்கு ஒண்ணும் புரியல. அப்புறம் படத்தைக் காட்டினேன். ரெண்டு தடவை போட்டுக் காட்டச் சொன்னார்.”

“ஏண்ணே எங்கிட்ட சொல்லல?”

“சொன்னா நீ விடுவியா?” என்றார் அண்ணன், இன்னும் படத்தைப் பார்த்துக்கொண்டே. “வெட்டச் சொன்ன ஆளு இப்ப எதுக்குத் தையலைப் பத்திக் கேட்டீங்கன்னு ஒரு மாசம் ஓட்டுவ. அதோட…” நிறுத்தினார். “அன்னைக்குக் கத்திரிக்கோல் எங்கிட்டதான் இருந்துச்சு. தையல் பிரிஞ்சு போயிருந்தா நான் எப்படி உன் மூஞ்சியில முழிப்பேன்?”

இந்த ஐந்து வாரமும் அவர் வாயை மூடிக்கொண்டிருந்தது கோபம் என்று நினைத்திருந்தேன். இத்தனை வருஷம் கூடவே வேலை பார்த்த மனிதரைப் பற்றி எனக்குத் தெரிந்த லட்சணம் அவ்வளவுதான். கண் கலங்கியது. டாக்டர் மேஜையில் இருந்த டிஷ்யூ காகிதத்தை என் பக்கம் தள்ளினார்.

“இன்னொண்ணு புரிஞ்சுக்கோங்கம்மா” என்றார். “நீங்க மெஷின்ல அடிக்கிறீங்களே, அந்தத் தையல்தான் அங்க கடைசி வரைக்கும் பாரத்தைத் தாங்கணும். இது அப்படி இல்லை. சதை ஒட்டுற வரைக்கும் விளிம்பு நகராமப் பிடிச்சு வைக்கிறதுக்குத்தான் இந்த நூல். ஒட்டுன அப்புறம் தாங்கப் போறது உங்க ஜவ்வுதான், என் நூல் இல்லை.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மெஷினில் அடிப்பதற்கு முன்னால் இரண்டு துண்டும் நகராமல் இருக்கக் கையால் பெரிய பெரிய தையலாக ஓட்டி வைப்போம். அதை யாராவது இழுத்தால் கையில் ஒன்று வைப்பேன். ஓட்டி வைத்த தையலைப் போய் முடிந்த தையல் என்று நினைத்து, நானே மூன்று தடவை இழுத்திருக்கிறேன். வேறு யாராவது செய்திருந்தால் ஒரு வாரத்துக்குச் சொல்லிக் காட்டியிருப்பேன்.

“இப்ப பிரிஞ்சிடுச்சா டாக்டர்?”

அவர் என்னைப் படுக்க வைத்து, முட்டியை மடக்கி, நீட்டி, உள்ளங்காலைப் பிடித்து மெல்லத் திருப்பிப் பார்த்தார். “மாட்டிக்கல. நீட்டினா முழுசா நீளுது. அது நல்லதுதான். ஆனா உறுதியா இப்ப சொல்ல முடியாது. ஸ்கேன் எடுத்தாலும் புதுசா தைச்ச இடம் கிழிசல் மாதிரியேதான் தெரியும். ரெண்டு வாரம் கட்டையைக் கூட்டிக்குவோம். பிரேஸ் ராத்திரி பகலா இருக்கட்டும். வீக்கம் வடியுதான்னு பார்ப்போம். வடிஞ்சு, மாட்டாம, சத்தம் வராம மூணு மாசத்தைத் தாண்டிட்டா நிம்மதி. இல்லைன்னா திரும்ப உள்ள போய்ப் பார்க்கணும்.”

அடுத்து வந்த நாட்களில் நான் இருந்த இருப்பை என் வீட்டுக்காரர் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார். முட்டியைப் பிறந்த குழந்தை மாதிரி வைத்துக்கொண்டேன். பத்து எண்ணச் சொன்னால் பன்னிரண்டு எண்ணினேன். அவர் உரித்துக் கொடுத்த முட்டையை மறுபேச்சில்லாமல் தின்றேன். பிசியோ பெண் டேப்பைச் சுற்றும்போது கண்ணை மூடிக்கொள்வேன். முதல் வாரம் ஒரு சென்டிமீட்டர் இறங்கியது. அடுத்த வாரம் அரை. அதற்கடுத்த வியாழக்கிழமை அவள் டேப்பை என் கையிலேயே கொடுத்து, “நீங்களே பாருங்க அக்கா” என்றாள். இரண்டு முட்டியும் ஒரே அளவு. அன்றைக்கு அவளைக் கட்டிக்கொண்டேன். அவள் வெட்கப்பட்டாள்.

அண்ணனும் மாறிவிட்டார். வாயைத் திறந்துவிட்டார் என்று சொல்ல வேண்டும். வண்டியில் போகும்போதெல்லாம் கடைக் கதை. கடைசி வரிசையில் மாட்டிக்கொண்டு போன் அடிக்க, எடுக்க முடியாமல் காலால் எட்டித் தள்ளி, போன் டிக்கிக்குள் விழுந்த கதை. இவ்வளவு நாள் நான் அங்கே என்ன செய்துகொண்டிருந்தேன் என்று இப்போதுதான் தெரிகிறதாம். “கத்திரிக்கோலுக்குக் கயிறு கட்டி மேஜையில மாட்டிட்டேன்” என்றார் ஒரு நாள். அதற்கு மேல் நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை.

மூன்று மாசம் தாண்டி டாக்டர் முட்டியைத் திருப்பிப் பார்த்தார். சத்தமில்லை. அமுக்கினார், வலி இல்லை. கட்டிலைப் பிடித்துக்கொண்டு பாதி குந்தச் சொன்னார். எனக்கு வேர்த்துவிட்டது. குந்திப் பார்க்கத் துடித்தவளுக்கு, குந்து என்று சொன்னதும் கால் வரமாட்டேன் என்றது. பிசியோ பெண் ஒரு பக்கம், அண்ணன் ஒரு பக்கம் நிற்க, கொஞ்சம் கொஞ்சமாக இறங்கினேன். “ஒட்டிடுச்சும்மா” என்றார் டாக்டர், ஏதோ கடையில் ஒரு கவரை ஒட்டிக் கொடுக்கிற சாதாரணக் குரலில். நான் அந்தச் சந்தோஷத்தில் எழுந்திருக்க மறந்து பாதி குந்தினபடியே இருந்தேன்.

ஐந்து மாசம் முடிந்தது. வேலைக்குப் போகலாம், ஆனால் முதல் மாசம் ஒரு நாளைக்கு அரை மணி நேரத்துக்கு மேல் மண்டி போடக் கூடாது என்று உத்தரவு. ஒரு பள்ளிக்கூட வேன் வந்திருந்தது. அண்ணன் கடைசி வரிசைத் தரையில் இரண்டடிக்கு ஃபோம் வெட்டிப் போட்டு, அதற்கும் ஒரு ரெக்சின் கவர் தைத்து வைத்திருந்தார். அவர் தைத்தது. கோணல் மாணலாக இருந்தது. நான் இழுத்துப் பார்க்கவில்லை.

ஏறினேன். இடது முட்டியை முதலில் வைத்தேன். அப்புறம் வலது முட்டி. ஒரு நிமிஷம் அப்படியே இருந்தேன். ரெக்சின் வாசனை, பசை வாசனை, சீட்டுக்கு அடியில் யாரோ பிள்ளை விட்டுப் போன பென்சில். எனக்கு நெஞ்சு நிறைந்து போயிற்று. கவரின் விளிம்பைப் பிடித்து இழுத்து முதல் கொக்கியை மாட்டினேன். கை எதையும் மறக்கவில்லை. ஒரு சீட், இரண்டு சீட். கீழே இருந்து அண்ணன் நிமிஷத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, பார்க்காதவர் மாதிரி போய்க்கொண்டிருந்தார்.

மூன்றாவது சீட்டில் இன்னும் நாலே கொக்கி பாக்கி. ஜன்னல் வழியாகக் கடைச் சுவரில் இருக்கிற கடிகாரத்தைப் பார்த்தேன். அரை மணி ஆகியிருந்தது. முட்டியில் வலி இல்லை, இறுக்கம் இல்லை, ஒன்றும் இல்லை. இப்போது விட்டால் இன்னும் மூன்று வரிசை மாட்டுவேன் என்று உடம்பு சொன்னது. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்ற அன்றைக்கும் அது இப்படித்தான் சொன்னது. கொக்கியைக் கீழே வைத்துவிட்டு, சீட்டைப் பிடித்து எழுந்து, மெதுவாகப் படியிறங்கி வெளியே வந்தேன்.

அண்ணன் மேஜையை விட்டு ஓடி வந்தார். முகம் வெளிறிவிட்டது.

“என்ன பாப்பா, வலிக்குதா?”

“இல்லண்ணே.”

“பின்ன என்ன? கொக்கி சிக்கிக்கிச்சா?”

“இல்ல. நாலு கொக்கி பாக்கி. நாளைக்கு மாட்டிக்கிறேன். நீங்க அதுல கை வைக்காதீங்க.”

அவருக்குப் புரியவில்லை. கைக்கெட்டிய வேலையை நான் பாதியில் விட்டு அவர் பார்த்ததே கிடையாது. “வலிக்கலைன்னா அப்புறம் எதுக்கு எந்திரிச்ச?”

“வலிக்கல. அதனாலதான் எந்திரிச்சேன்” என்றேன்.

அண்ணன் என்னை ஒரு தடவை, வேனை ஒரு தடவை பார்த்தார். அப்புறம் போய் ஒரு நாற்காலியைத் தூக்கி வந்து வாசலில் போட்டார். நான் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டேன்.